மேல்நூல் லூஸ்

எம்பிராய்டரி மெஷினில் நூல் அறுவது யார் காதிலும் விழாது. அறுந்த பிறகு மெஷின் தானாக நின்று கீச்சுக் கீச்சென்று கத்தும், அதுதான் விழும். அந்த வாரம் முழுக்க அதைக் கேட்டுக் கேட்டு, மாஸ்டரம்மாவுக்கு அடுப்படியில் பால் பொங்குகிற சத்தம்கூடக் கீச்சென்றே கேட்டது. கையில் கரண்டியோடு முன்னறைக்கு ஓடி வருவாள். மாஸ்டர் மெஷினுக்கு முன்னால் குனிந்து நிற்பார். "மூணாவது ஊசியா?" என்பாள். "ம்" என்பார். புருஷன் பெண்டாட்டிக்கு நடுவே அன்றைய பேச்சு அத்தோடு முடிந்துவிடும்.

அதை வீடு என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். முன்னறையை மெஷின் எடுத்துக்கொண்டது. மெஷின் விட்டுவைத்த இடத்தில் மூன்று பேர் குடியிருந்தார்கள்: மாஸ்டர், அவர் பெண்டாட்டி, கட்டிக்கொடுத்த இடத்தில் ஒத்துவராமல் திரும்பி வந்துவிட்ட மாஸ்டரின் தங்கை. மெஷினை உள்ளே கொண்டுவந்த அன்றைக்கு வாசல்கதவைக் கழற்றி மாட்ட வேண்டியிருந்தது. அதில் கதவு கோணிக்கொண்டு இன்றுவரை முழுசாகச் சாத்துவதில்லை. மழை பெய்தால் சாரல் அந்த இடுக்கு வழியாக உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போகும்.

மெஷின் அவர்களுடையதும் இல்லை. கடைவீதியில் யூனிஃபார்ம் கடை வைத்திருக்கும் அம்மாவுடையது. ஊரில் எத்தனையோ பேர் கேட்டும், அந்த அம்மா அதை இந்தக் கோணல் கதவு வீட்டில் கொண்டுவந்து வைத்ததற்கு ஒரே காரணம்தான். அது மாஸ்டரின் விரல்.

அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். மெஷினுக்கு ஆறு ஊசி, ஆறு ஊசிக்கும் ஆறு நிற நூல். ஒவ்வொரு நூலும் இரண்டு சின்னத் தட்டுகளுக்கு நடுவே நசுங்கிக்கொண்டு ஊசிக்கு வரும். எவ்வளவு நசுக்குவது என்பதற்கு ஒரு திருகு உண்டு. அடியில் பாபின் என்கிற சின்ன உருளையில் வெள்ளை நூல். மேல்நூலும் கீழ்நூலும் துணிக்கு நடுவே சண்டை சச்சரவில்லாமல் பிணைந்துகொண்டால் தையல் அழகாக உட்காரும். மேல்நூல் இறுகினால் அடியில் கிடக்க வேண்டிய வெள்ளை மேலே தலைகாட்டும், இன்னும் இறுகினால் நூல் அறும். தளர்ந்தால் கண்ணி கண்ணியாகத் தொங்கும். இதை அளப்பதற்குக் கருவி உண்டு. மாஸ்டர் அதை எப்போதோ டப்பாவில் போட்டு மூடிவிட்டார். தினமும் காலையில் முகம் கழுவிய கையோடு மெஷின் முன்னால் வந்து நிற்பார். கண்ணை மூடிக்கொண்டு, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் ஒவ்வொரு நூலாக இழுத்துப் பார்ப்பார். "சரி" என்பார், அல்லது "லூஸ்" என்று சொல்லித் திருகை ஒரு மயிரிழை நகர்த்துவார். வேறு யாரும் திருகுகளைத் தொடக்கூடாது. மற்ற வீட்டு மெஷின்கள் வாரத்துக்கு ஒரு தரம் மெக்கானிக்கைக் கூப்பிடும்போது இந்த மெஷின் வருஷக்கணக்காக முனகாமல் ஓடியது அப்படித்தான்.

இப்போது அது படுத்துகிற பாடு சொல்லி மாளாது. வந்திருந்தது நர்சிங் காலேஜுக்கான வெள்ளைக் கோட்டு. பாக்கெட்டின் மேல் நீல வளையம், வளையத்துக்குள் சிவப்பில் ஒரு கைவிளக்கு, அதைச் சுற்றிப் பொடி எழுத்து. நீலம் மூன்றாவது ஊசியில். பாதி வளையம் போவதற்குள் நீலத்தில் வெள்ளைப் பொட்டுகள் முளைக்கும். இன்னும் கொஞ்சம் போனால் நூல் அறும். கோர்த்து ஓட்டினால் நாலு விரற்கடை தள்ளி மறுபடி அறும். அறுந்த இடத்தில் தையல் முடிச்சுப் போட்டுக்கொண்டு மரு மாதிரி நிற்கும்.

கடைக்கார அம்மா ஆள்விட்டுச் சொல்லியனுப்பியிருந்தாள். வெள்ளிக்கிழமை கோட்டுகள் எல்லாம் வேண்டும், அன்றைக்குத் தானே வருகிறேன், முடியாது என்றால் இப்போதே சொல்லுங்கள், மெஷினைப் பக்கத்துத் தெருவில் வைத்துக்கொள்கிறேன், வருத்தமெல்லாம் ஒன்றுமில்லை. திட்டியிருந்தால்கூட மாஸ்டரம்மாவுக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. வருத்தமில்லை என்ற வார்த்தையைத்தான் அவள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். மெஷின் போய்விட்டால் முன்னறை காலியாகும், அடுப்படியும் கூடவே காலியாகும். புருஷனுக்கு வேறு தொழில் தெரியாது, அந்த வயதில் அவரை யாரும் புதிதாக எடுத்துக்கொள்ளவும் மாட்டார்கள்.

மாஸ்டர் செய்யாதது ஒன்றுமில்லை. ஊசியை மாற்றினார். நூல் கண்டை மாற்றினார். ஊசி திரும்பி நிற்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். நூல் போகிற வழியில் எங்காவது பிசிறு தட்டுகிறதா என்று ஒவ்வொரு கொக்கியாகத் துணியால் தேய்த்தார். பாபின் கூட்டைக் கழற்றி உள்ளே இருந்த பஞ்சுப் பொடியைத் தூரிகையால் தள்ளினார். ஈரக்காற்றில் நூல் ஊதிப்போய்விட்டது என்று சொல்லிக் கண்டுகளை அடுப்பு மேடையில் வரிசையாக நிற்கவைத்தார். மாஸ்டரம்மா நீலத்துக்கும் சிவப்புக்கும் நடுவே கையை நுழைத்துச் சோறு வடித்தாள். எல்லாம் செய்து முடித்து, விரலால் நூலை இழுத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் அதையேதான் சொல்வார்.

"மேல்நூல் லூஸ்."

"லூஸா இருந்தா வெள்ளை மேல வராதே" என்று மாஸ்டரம்மா ஒருதரம் கேட்டேவிட்டாள். இத்தனை வருஷம் பக்கத்தில் நின்று துணியைச் சட்டத்தில் மாட்டிக்கொடுத்தவளுக்கு அந்த அளவு தெரியாதா?

"கீழ்நூல் அதைவிட லூஸ். அதான் மேல வருது" என்று சொல்லிப் பாபின் கூட்டின் திருகையும் இறுக்கினார்.

பிசிறு வெட்டுகிற வேலை நாத்தனாருக்கு. கத்தரிக்கோல் வேகமாக ஓடும், வாய் அதைவிட வேகமாக ஓடும். அண்ணன் கைபட்டு ஒரு நாளும் கெட்டதில்லை என்றும், பெருக்குகிறவர்கள் மெஷினுக்கு அடியில் ஒழுங்காகப் பெருக்கினால் தூசி ஏன் பாபினுக்குள் போகிறது என்றும் சுவரைப் பார்த்துச் சொல்வாள். சுவர் பதில் சொல்லாது. பெருக்குகிறவளும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடுவாள்.

அந்த மழையில் அவர்கள் சிரிப்பதற்கும் ஒரு காரணம் கிடைத்தது. டீத்தூள் வாங்கப் போன மாஸ்டர் ஒற்றைச் செருப்போடு திரும்பி வந்தார். இன்னொன்று எங்கே என்று கேட்டபோதுதான் குனிந்து பார்த்தார். மாஸ்டரம்மா குடையைப் பிடித்துக்கொண்டு போய், தெருமுனைச் சேற்றில் புதைந்து கிடந்ததைத் தோண்டி எடுத்து வந்தாள். "நல்லவேளை, வேட்டியைக் கட்டிக்கிட்டு வந்தீங்க" என்று அவள் சொல்ல, நாத்தனார்கூடச் சிரித்துவிட்டாள். மெஷின் நினைப்பில் மனுஷனுக்குக் காலில் இருந்தது போனதுகூடத் தெரியவில்லை என்று பேசிக்கொண்டார்கள்.

மெக்கானிக்குக்குத் தெருவில் ரெண்டு நிமிஷம் என்று பெயர். எங்கே எப்போது கூப்பிட்டாலும் ரெண்டு நிமிஷத்தில் வருகிறேன் என்பான், சாயங்காலம் வருவான். இந்தத் தரம் மத்தியானமே வந்துவிட்டான். மாஸ்டர் வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள் என்றால் விஷயம் பெரிசு என்று அவனுக்கே தெரிந்திருந்தது. "டென்ஷன் மெஷினுக்கா, மாஸ்டருக்கா?" என்று அவன் எல்லா வீட்டிலும் சொல்கிற பழைய ஜோக்கை இங்கேயும் சொல்லிவிட்டு, யாரும் சிரிக்காததால் வேலையைப் பார்த்தான்.

பாபின் கூட்டை நூலில் தொங்கவிட்டு உதறினான். அது பல்லி மாதிரி அப்படியே நின்றது. "கீழயே இவ்வளவு இறுக்கமா?" என்று கேட்டுத் தளர்த்தினான். அளவுக் கருவியை எடுத்து ஆறு நூலையும் அளந்தான், ஆறையும் தளர்த்தினான். துண்டுத் துணியில் ஒரு நீல வளையம் ஓட்டித் திருப்பிக் காட்டினான். பின்பக்கம் இரண்டு ஓரத்திலும் நீலம், நடுவில் மூன்றில் ஒரு பங்கு வெள்ளை, இருக்க வேண்டியபடியே, கோடு போட்டது மாதிரி. மாஸ்டரம்மாவுக்கு அதைப் பார்த்ததும் அழுகை வந்தது. அன்று இருட்டுகிற வரை மெஷின் கீச்சிடவே இல்லை.

மறுநாள் காலை முதல் கோட்டிலேயே வெள்ளைப் பொட்டு. இரண்டாவது கோட்டில் நூல் அறுந்தது.

ரெண்டு நிமிஷம் மறுபடி வந்தான். அளந்து பார்த்தவன் முகம் மாறிவிட்டது. "நேத்து நான் வெச்சது இல்ல இது. யாரோ திருகியிருக்காங்க" என்றான்.

நாத்தனார் அண்ணியைப் பார்த்தாள். அண்ணி தரையைப் பார்த்தாள். மாஸ்டர், "எவனும் தொடல. காலைல நான் மட்டும்தான் பாத்தேன், லூஸா இருந்துது, சரி பண்ணேன்" என்றார். அவர் காலையில் பார்ப்பது சூரியன் காலையில் வருவது மாதிரி. அதைப் போய் யார் சந்தேகப்படுவார்கள்? மெக்கானிக்குமே தன் கருவியைத்தான் ஒருதரம் தட்டிப் பார்த்துக்கொண்டான். மறுபடி எல்லாவற்றையும் தளர்த்திவிட்டுக் கிளம்பும்போது, அடுக்கியிருந்த கோட்டுகளில் ஒன்றை மாஸ்டரம்மா அவனிடம் நீட்டினாள். பாக்கெட் ஓரத்தில் கடுகளவு பழுப்புப் புள்ளி. இந்த மாதிரி அங்கங்கே விழுகிறது, மெஷின் ஆயில் எங்காவது ஒழுகுகிறதா என்று கேட்டாள்.

"ஆயில் தண்ணி மாதிரி இருக்கும்க்கா, இந்த நெறம் வராது. துரு பிடிக்கற எடமும் இதுல இல்ல. இது மெஷின் போட்டது இல்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

கறையோடு கோட்டை அனுப்ப முடியுமா? புழக்கடையில் அலுமினியச் சட்டியில் பச்சைத் தண்ணீரை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மழை விட்டிருந்தது, கூரையிலிருந்து சொட்டுவது மட்டும் நிற்கவில்லை. எண்ணெய்க் கறை என்றால் பச்சைத் தண்ணீருக்கு அசையாது. சும்மா நனைத்துக் கசக்கியவுடனே இந்தப் புள்ளி விளிம்பு கரைந்து வெளிறிய சிவப்பாய்ப் பரவியது. சோப்பு போடுவதற்குள் பாதி போய்விட்டது. எந்தக் கறை இப்படிப் போகும் என்று ஒரு பெண்பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அது ரத்தம்.

தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நாத்தனாரைக் கூப்பிட்டு அவள் கையைப் பார்த்தாள். "என்ன அண்ணி, ஜோசியமா?" என்று அவள் இழுத்துக்கொண்டு போனாள். இரண்டு பேர் கையிலும் ஒரு கீறல் இல்லை. மிச்சம் ஒரே ஒரு ஆள்தான்.

அவள் சத்தம் போடாமல் உள்ளே வந்து முன்னறை வாசற்படியில் நின்றாள். மாஸ்டர் முதுகைக் காட்டிக்கொண்டு மூன்றாவது ஊசியை மாற்றிக்கொண்டிருந்தார். திருகாணியைத் தளர்த்திப் பழைய ஊசியை எடுத்து, புதிய ஊசியைத் துவாரத்துக்குள் ஏற்றினார். ஏற்றும்போது கூர்முனையில் ஆள்காட்டி விரலை வைத்துத் தள்ளினார். ஊசி விரலுக்குள் இறங்கியது. அவள் கண்ணெதிரே இறங்கியது. அவர் முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை, கை இழுக்கவில்லை. தள்ளிக்கொண்டே இருந்தார். பிறகு நூலைக் கோர்க்கக் குனிந்தார், நுனியில் ஒரு சொட்டு திரண்டு நின்றது, பக்கத்தில் இருந்த கோட்டை அதே கையால் நகர்த்தி வைத்தார்.

மாஸ்டரம்மாவுக்கு ஒன்றையடுத்து ஒன்றாக எல்லாம் நினைவில் வந்து நின்றன. சேற்றில் கிடந்த செருப்பு. பட்டன் வைத்த சட்டையைப் போடுவதை அவர் எப்போதோ விட்டுவிட்டது. கொதிக்கிற டீ டம்ளரை அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது. அவளுடைய மாமா ஒருவர் சர்க்கரை வியாதியில் இப்படித்தான் ஆணி குத்தியது தெரியாமல் நாள்கணக்கில் நடந்து, கடைசியில் பாதத்தை எடுக்க வேண்டியதாகிவிட்டது. அப்போது அவள் சின்னப் பெண். அந்த வீட்டு நாற்றம்கூட இப்போது மூக்கில் வந்தது.

கிட்டே போய் அவர் கையைப் பிடித்துத் திருப்பினாள். விரல் நுனிகள் முழுக்கச் சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகள், சல்லடை மாதிரி.

"இது எத்தனை நாளா?"

"எது?"

"ஊசி குத்தறது உங்களுக்குத் தெரியல."

"காய்ப்புக் காய்ச்சிருக்கு. இத்தனை வருஷம் நூல் இழுத்த கை."

"காய்ப்புன்னா காலுமா காய்க்கும்? செருப்புக் கழண்டது ஏன் தெரியல?"

அவள் ஆறு நூலையும் காட்டினாள். இழுங்கள் என்றாள். அவர் முதல் நூலை இழுத்தார், வழக்கம்போலக் கண் மூடிக்கொண்டது. அவள் கை நீட்டி அந்த நூலை அவர் விரலிலிருந்து மெல்ல உருவி எடுத்துவிட்டாள். அவர் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டியபடி இழுத்துக்கொண்டே இருந்தன.

"என்ன, எப்படி இருக்கு?" என்றாள்.

"லூஸ்" என்றார் அவர்.

அப்புறம் கண்ணைத் திறந்தார். நூல் அவள் கையில் இருந்தது. அவர் தன் விரல்களைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், முகத்தில் ஈயாடவில்லை. அவள் செய்தது கொடுமைதான். செய்துவிட்டு அவளே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு அவர் மெதுவாகச் சொன்னார். "மொதல்ல மரத்துப் போன மாதிரி இருந்துது. சரியாயிரும்னு இருந்தேன். அப்புறம் நூல் கையில இருக்குன்னு கண்ணால பாத்தாத்தான் தெரியுது. பாத்துக்கிட்டே இழுத்தா, இழுத்த மாதிரியே இல்ல, அதனால கண்ணை மூடிக்குவேன். மூடினா ஒண்ணுமே இல்ல. இல்லேன்னா லூஸ்னுதானே அர்த்தம்?"

"என்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல."

"என்னன்னு சொல்ல? இந்த விரலுக்காகத்தானே மெஷின் இங்க நிக்குது."

ஆஸ்பத்திரிக்கு இப்போதே போகலாம் என்றாள். வெள்ளிக்கிழமை கோட்டெல்லாம் போய்ச் சேரட்டும், அப்புறம் எங்கே வேண்டுமானாலும் வருகிறேன் என்றார். அவர் விரல்களில் மஞ்சள் குழைத்து வைத்துத் துணி சுற்றினாள். குழந்தை மாதிரி காட்டிக்கொண்டிருந்தார்.

திருகுகளை அவர் மறுபடி தொடவில்லை. நூலை இவள் இழுத்தாள், ஓட்டிய துண்டைத் திருப்பி அவர் கண்ணால் பார்த்தார். வெள்ளை அகலமாகத் தெரிந்தால் தளர்த்தச் சொன்னார், காணாமல் போனால் இறுக்கச் சொன்னார். மெஷின் நிதானத்துக்கு வந்தது. இழுக்கும்போதெல்லாம் அவள் வாசல் பக்கம் ஒரு கண் வைத்திருந்தாள். நாத்தனார் வெளியே போயிருக்கும் நேரமாகப் பார்த்து இதைச் செய்தார்கள். வியாழக்கிழமை சாயங்காலம் கடைசிக் கோட்டைச் சட்டத்திலிருந்து கழற்றினாள். சந்தோஷம் வரவில்லை. அன்று பருப்பும் சோறும் போட்டு வைத்து, அவர் பிசைவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில், கடைக்கார அம்மா வருவதற்கு முன்னால், அவள் அவரிடம் கெஞ்சினாள். "கேட்டா எதுவும் சொல்லாதீங்க. கை வெட்டிக்கிச்சுன்னு சொல்லுங்க. நான் இருக்கேன், சமாளிச்சுக்கலாம். ஒரு வார்த்தை வாயைத் தொறந்தீங்கன்னா மெஷினைத் தூக்கிட்டுப் போயிருவாங்க." அவர் தலையை ஆட்டினார். சரி என்றுதான் அவள் எடுத்துக்கொண்டாள்.

கடைக்கார அம்மா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு கோட்டாகப் பார்த்தாள். வளையத்தைத் தடவினாள், திருப்பினாள். "இதுக்குத்தான் உங்க வீடு" என்றாள். மாஸ்டரம்மாவுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. டீ வந்தது, குடித்தாள். அதோடு கிளம்பியிருக்கலாம். கிளம்பவில்லை. பையிலிருந்து புதிதாக ஒரு நூல் கண்டை எடுத்தாள். புதுக் கம்பெனிக்காரன் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான், வருஷத்துக்கும் இதையே வாங்கலாமா என்று யோசிக்கிறாளாம்.

"கோர்த்து இழுத்துப் பாருங்க மாஸ்டர். ஒரே சீரா வருதா, நடுவுல முண்டுதான்னு நீங்க சொன்னா எனக்குப் போதும்."

"அண்ணன் விரல் தப்பே சொல்லாதும்மா" என்றாள் நாத்தனார், பெருமை தாங்காமல்.

மாஸ்டரம்மா முந்திக்கொண்டு கண்டை வாங்கி, மூன்றாவது ஊசி வழியில் கோர்த்தாள். அவருக்குக் கையில் காயம் என்று ஆரம்பித்தாள். கடைக்கார அம்மா, சும்மா ஒருதரம் இழுத்தால் போதும் என்றாள். மாஸ்டர் எழுந்து வந்தார். துணியை அவிழ்த்தார். நூலை இரண்டு விரலில் பிடித்தார். கண்ணை மூடவில்லை. இழுத்தார், இன்னொரு தரம் இழுத்தார். அவள் அவருக்குப் பின்னால் நின்று, சரி என்று சொல்லிவிடுங்கள், சரி என்று சொல்லிவிடுங்கள் என்று மனசுக்குள் கதறிக்கொண்டிருந்தாள்.

"தெரியலம்மா" என்றார்.

"என்ன தெரியல?"

"எனக்கு விரல்ல ஒண்ணும் தெரியல. ரொம்ப நாளாவே இல்ல. இந்தக் கோட்டெல்லாம் இவ இழுத்துப் பாத்து ஓட்டினது. நான் சரின்னு சொல்லி நீங்க வருஷத்துக்கும் வாங்கிட்டு, அது அறுந்துக்கிட்டு நின்னா? இவளக் கேளுங்க."

நாத்தனார் கத்தரிக்கோலை மடியில் போட்டுவிட்டாள். கடைக்கார அம்மா அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாவி மனுஷன், கெடுத்துவிட்டாரே என்று மாஸ்டரம்மாவுக்கு ஆத்திரம் பொங்கியது. அதே சமயம் அவர் முதுகைப் பார்க்கப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. நூலை வாங்கி அவள் இழுத்தாள். எதுவும் மறைக்க மிச்சமில்லை என்று ஆன பிறகு, நிதானமாக இன்னொரு தரமும் இழுத்தாள்.

"நடுவுல ஒரு எடத்துல முண்டுது. இன்னொரு தரம் இழுத்தாலும் அங்க முண்டுது" என்றாள்.

கடைக்கார அம்மா தானும் இழுத்துப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் தெரிந்த மாதிரி இல்லை. கண்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு கோட்டு மூட்டையை வண்டியில் ஏற்றச் சொன்னாள். வாசலில் நின்று, மெஷின் இப்போதைக்கு இருக்கட்டும், அடுத்த லோடு வருவதைப் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றாள். கொஞ்சம் தயங்கி, "முதல்ல டாக்டரைப் பாருங்க மாஸ்டர்" என்று சொல்லிவிட்டுப் போனாள். இந்தத் தரம் வருத்தமில்லை என்று சொல்லவில்லை.

நாத்தனார் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அண்ணி என்று ஏதோ ஆரம்பித்தாள், முடிக்கவில்லை. மாஸ்டரம்மா அவளிடம் அடுப்பில் இருக்கிற பாலைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். மாஸ்டருக்குப் பட்டன் சட்டையை மாட்டிவிட்டு, பட்டனைத் தானே போட்டுவிட்டாள். செருப்பில் குதிகாலைச் சுற்றி ஒரு பட்டை நாடாவைக் கட்டினாள். இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள்.

தெருவில் தண்ணீர் தேங்கியிருந்தது. அவர் குனிந்து, தன் காலைப் பார்த்துப் பார்த்து எடுத்து வைத்தார். தெருமுனை திரும்பும்போது ஒரு சைக்கிள் மணியடித்துக்கொண்டு வந்தது. ஒதுங்குவதற்காகத் திரும்பியவர் தற்செயலாகக் கீழே பார்த்தார். அவர் கையை அவள் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"எப்பப் பிடிச்ச?" என்றார்.

"வாசல்லயே" என்றாள் அவள்.